பால்வெட்டுக்காரர்களை வைத்து ஒரு கொயர் கட்டுவது

களியக்காவிளைக்குப் பக்கத்து ஊரில், சபைக் கொயரை, அதாவது பாடகர் குழுவை, பதினான்கு வருடமாக நடத்துகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். எங்களில் பாதிப்பேர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள், விடியுமுன் எழ வேண்டும். வியாழன் இரவு ஏழுக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடித்துவிடுவேன். பத்து மணி வரை இழுத்த காலத்தில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) வரிசையே காலியானது.

ஆள் எடுக்கும்போது குரல் இனிமையைத் தேடாதீர்கள். கீபோர்டில் ஒரு சுரத்தைத் தட்டி, 'ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். பிடித்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஊரிலேயே பெரிய தொண்டைக்காரர் ஒருவர் வருவார், அவரைக் கடைசி வரிசையில் நிறுத்துங்கள்.

ஐந்து கோட்டு நொட்டேஷன் இங்கே பலருக்கும் வராது. சோல்ஃபா போதும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் உருவாக்கியதை ஜான் கர்வன் என்ற போதகர் திருத்திப் பரப்பினார். சுரத்துக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். மேஜர் ஸ்கேலைச் சங்கராபரணம் என்று சொல்லிவிட்டால், கீர்த்தனை பாடிப் பழகியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையிலிருந்து வரும் இரண்டு அக்காக்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வரிகளை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.

ஒரு மாதம் எல்லாரும் மெட்டை மட்டும் பாடட்டும். அப்புறம் பேஸ், ஆண்களின் கீழ்க்குரல். கடைசியில்தான் ஆல்டோ என்ற பெண்களின் கீழ்க்குரல், ஏனென்றால் தலைவலியே அங்கேதான். ஆல்டோ வரிசை ஒரே சுரத்தில் நெடுநேரம் நிற்கும்; காதில் சொப்ரானோவின் (பெண்களின் மேல்குரல்) மெட்டு விழுந்ததும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சொப்ரானோவிடமிருந்து தள்ளி, டெனருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். சொப்ரானோவை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஆல்டோவும் பேஸும் மட்டும் பாடிப் பழகட்டும். நான்கு குரலெல்லாம் மேற்கத்திய மெட்டில் பாடும் பாமாலைக்குத்தான். நம் ராகத்தில் பாடும் கீர்த்தனையை நான்கு குரலாகத் துண்டு போட்டால் சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் செத்துவிடும், அதை எல்லாரும் ஒரே குரலாகப் பாடுவதுதான் அழகு.

மூச்சு எங்கே எடுப்பது என்று தாளிலேயே கோடு போடுங்கள். சேர்ந்து பாடும்போது மூச்சோடு இதயத் துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று சுவீடனின் கோத்தன்பர்க்கில் 2013-இல் கண்டார்கள். துக்க வீட்டில் பாடியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பேச வார்த்தை வராது. சபையில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்களும் இரண்டாவது சரணத்தில் மெதுவாக முனகுவார்கள்.

ஆனால் துக்க வீட்டில் கீபோர்டு இருக்காது. ஒருமுறை குத்துமதிப்பாகப் பாட்டை எடுத்துவிட்டேன். மூன்றாவது அடியில் சொப்ரானோ கீச்சிட்டது, ஒரு பையன் சிரித்தே விட்டான். செத்தவர் என் மாமனாரின் தம்பி. இப்போது போனில் சுருதிப்பெட்டி வைத்திருக்கிறேன். சபையில் பாடுவதைவிட ஒரு முழுச் சுரம் இறக்கியே எடுக்கிறேன், அழுத தொண்டைக்கு உயரம் எட்டாது.

டிசம்பர் கேரலுக்கு மூன்று பாட்டு போதும். எல்லா வீட்டுக்கும் போங்கள், சாதி மதம் பார்க்காமல். நடந்துகொண்டே பாடாதீர்கள், முற்றத்தில் நின்று பாடுங்கள். கட்டன் சாயா (பாலில்லாத டீ) தருவார்கள், மறுக்காதீர்கள். தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த மாதமும் இங்கே மழை உண்டு.