எல்லை தாண்டி வந்த கிளையை வம்பில்லாமல் வெட்டுவது எப்படி?

பக்கத்து வீட்டு மரத்தின் கிளை மதிலைத் தாண்டி வந்து கூரையை உரசத் தொடங்கியதும், "இதை வெட்ட எனக்கு உரிமை உண்டா?" என்ற கேள்விதான் பெரும்பாலோருக்கு முதலில் எழுகிறது. பல நாட்டுச் சட்டங்கள் ஏதோ ஒரு வகையில் "உண்டு" என்றே சொல்கின்றன. ஆனால் அந்த உரிமை எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. மரத்துக்கு ஊறு வராமல் வெட்ட வேண்டிய இடமோ பெரும்பாலும் கோட்டுக்கு அப்பால், மரத்துக்கு உரியவரின் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே முழு உரிமை உள்ளவருக்கும் பக்கத்து வீட்டாரின் சம்மதம் தேவைப்படுகிறது. கீழே உள்ள படிகள் யாவும் அந்தச் சம்மதத்தைப் பெறுவதையும், பெற்ற பின் ஒழுங்காக வெட்டுவதையும் பற்றியவை.

படி 1: மரம் யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கிளை எங்கே தொங்கினாலும், அடிமரம் எந்த நிலத்திலிருந்து எழுகிறதோ அந்த நிலத்துக்கு உரியவருடையதே மரம். அடிமரமே எல்லைக்கோட்டின் மேல் நின்றால், பல இடங்களில் அது இருவருக்கும் பொதுவானதாகக் கருதப்படும். அத்தகைய மரத்தை ஒருவர் மட்டும் முடிவெடுத்துச் சாய்க்க முடியாது.

இங்கே பலரும் தவறும் ஓர் இடம் உண்டு: வேலியை எல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வேலி போட்டவர் தம் வசதிக்காக ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டிருக்கலாம், பிறகு அது சாய்ந்து நகர்ந்தும் இருக்கலாம். நில அளவை வரைபடத்தை எடுத்துக்கொண்டு, எல்லைக்கற்கள் இரண்டையும் தேடிக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடையே ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். கல் காணாமற்போயிருந்தால் உரிமம் பெற்ற சர்வேயரை அழைத்து அளப்பதே நல்லது. அடுத்தவர் மரத்தைத் தவறாக வெட்டிவிட்டுக் கொடுக்க நேரும் இழப்பீட்டை எண்ணினால், அளவைக் கட்டணம் பெரிதாகத் தோன்றாது.

படி 2: உங்கள் இடத்துச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது என்பதால், வேறு ஊரில் இருக்கும் உறவினர் சொன்னதை நம்பிக் கத்தியை எடுக்கக் கூடாது. இங்கிலாந்தில் லெம்மன் எதிர் வெப் என்ற பழைய வழக்கில், எல்லை தாண்டிய கிளையை, அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காமல் வெட்ட முடியுமானால், முன்னறிவிப்புக்கூடக் கொடுக்கத் தேவையில்லை என்று அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஜெர்மனியின் உரிமையியல் சட்டம் 910-ஆம் பிரிவில், கிளையை அகற்ற உரியவருக்கு முதலில் நியாயமான கெடு கொடுக்க வேண்டும் என்கிறது. பிரான்சில் உரிமையியல் சட்டத்தின் 673-ஆம் பிரிவின்படி, கிளையை வெட்டும்படி உரியவரைக் கட்டாயப்படுத்தலாமே தவிர, நாமே வெட்டக் கூடாது. வேரையோ எல்லைக்கோடு வரை நாமே வெட்டிக்கொள்ளலாம். ஜப்பானில் 2023 ஏப்ரல் முதல், அறிவித்தும் உரிய காலத்துக்குள் உரியவர் வெட்டாவிட்டால் நாமே வெட்டலாம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

கிளையில் காய்த்ததும் அவ்வாறே. ஜெர்மனியிலும் பிரான்சிலும் தானாக நம் பக்கம் உதிர்ந்த பழம் நமக்கு. இங்கிலாந்திலோ, நாம் வெட்டிய கிளையில் இருந்த பழமும் மரத்துக்கு உரியவருக்கே சேரும் என்று 1919-இல் ஆப்பிள் பழங்களைப் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்பாயிற்று.

உள்ளாட்சி அமைப்பு அந்த மரத்தையோ மர இனத்தையோ பாதுகாக்கப்பட்டதாக அறிவித்திருக்கிறதா, கிளையில் பறவைகள் கூடு கட்டியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். அனுமதி தேவைப்படும் மரமாக இருந்தால், அண்டை வீட்டார் சம்மதித்தாலும் அது போதாது.

படி 3: படம் எடுத்து வையுங்கள்

கூரை, மதில், சாக்கடைக் குழாய் என்று எது பாதிக்கப்பட்டிருக்கிறதோ அதைத் தேதியுடன் படமெடுங்கள். முழு மரமும் தெரியும்படி ஒரு படம் இருக்கட்டும்.

படி 4: நேரில் பேசுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. மரத்தை வளர்த்தவர் அதை அடியிலிருந்தும் முன்பக்கத்திலிருந்தும் பார்க்கிறாரே அன்றி, நம் கூரை மேலிருந்து பார்ப்பதில்லை. அந்தக் கிளை காற்றில் ஆடிக் கூரை ஓடுகளை நகர்த்தியிருப்பது அவருக்குத் தெரிந்தே இருக்காது. எனவே மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பேசாமல், அவரை நம் பக்கம் வரச்சொல்லிக் காட்டுங்கள். "ஐயா, ஒரு நிமிடம் இந்தப் பக்கம் வந்து பார்க்கிறீர்களா? இந்தக் கிளை இங்கே ஓட்டில் இடிக்கிறது. மரத்துக்குக் கெடுதல் வராமல் எந்த இடத்தில் வெட்டலாம் என்று உங்களைக் கேட்டுச் செய்யலாம் என்று நினைத்தேன்" என்று தொடங்கினால் போதும். முதல் பேச்சிலேயே சட்டப் பிரிவை எடுத்தால், அவர் அந்தக் கணமே எதிர்த்தரப்பாகிவிடுவார்.

கேட்க வேண்டியவை மூன்று: எந்தக் கிளை, எந்த நாள், செலவு யாருடையது. கடைசிக் கேள்வியைத் தயங்கித் தவிர்ப்பவர்கள்தான் பிறகு சண்டையிடுகிறார்கள்.

படி 5: பேசியதை எழுதிக்கொள்ளுங்கள்

நண்பர்களாகவே இருந்தாலும் நான்கு வரி எழுதிவிடுங்கள்: "மதிலுக்குக் கிழக்கே நீண்டுள்ள இரண்டு கிளைகளை, அடிமரத்தை ஒட்டி வெட்ட இருவரும் சம்மதிக்கிறோம். ஆள் உங்கள் வளாகத்துக்குள் வந்து ஏறுவார். கூலியைப் பாதிப்பாதி ஏற்கிறோம். வெட்டிய கிளைகள் உங்களுக்கே." வளாகத்துக்குள் நுழையும் அனுமதியைத் தனியே குறிப்பிட மறக்க வேண்டாம், கிளையை வெட்டும் உரிமைக்குள் அது அடங்காது.

படி 6: அவர் மறுத்தால்

கெடு குறித்து ஒரு கடிதம் எழுதி, அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்போன கிளை அல்லது சாய்ந்த மரம் என்றால் இந்தக் கடிதம் மிக முக்கியம். ஆபத்து இருப்பது முன்பே தெரிந்தும் உரியவர் ஒன்றும் செய்யவில்லை என்பதை, பின்னால் ஏதேனும் நேர்ந்தால் இதுவே காட்டும். அடுத்து இருவரும் மதிக்கும் ஒருவரை வைத்துப் பேசலாம், அல்லது சமரச மையத்தை நாடலாம். நீதிமன்றத்தைக் கடைசியாக வையுங்கள், வழக்கு முடிவதற்குள் மரம் இன்னும் இரண்டு கிளை விட்டிருக்கும்.

சட்டம் இடம் தந்தால், உங்கள் பக்கத்தில் நின்றபடி எல்லைக்கோடு வரை வெட்டலாம். அப்போதும் கோட்டின் மேல் மொட்டையாக வெட்டாதீர்கள். எஞ்சி நிற்கும் கட்டை காய்ந்து அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். அல்லது வெட்டிய இடத்தைச் சுற்றிப் பலவீனமான தளிர்கள் கொத்தாகக் கிளம்பி, அடுத்த ஆண்டே பழைய கதை தொடங்கும். கோட்டுக்குள் உங்கள் பக்கத்தில், வெட்டும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக்கிளை ஒன்றைத் தேடி, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

படி 7: கவாத்து செய்யும் முறை

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சற்றுத் தடித்து, பட்டை சுருங்கி, வளையம்போல் ஒரு பகுதி தட்டுப்படும். காயத்தை மூடும் புதுத் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றி அடைத்துவிடுகிறது என்று விளக்கினார். அடிமரத்தோடு வழிக்க வெட்டினால் இந்த வளையம் போய்விடும். தள்ளி வெட்டினால் கட்டை நிற்கும். ஆகவே வளையத்துக்கு வெளிப்புறத்தை ஒட்டி வெட்ட வேண்டும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் அறுத்தால், அது பாதியில் முறிந்து அடிமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு விழும். எனவே மூன்று வெட்டு: அடிமரத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு; அதற்குச் சில சென்டிமீட்டர் வெளியே, மேலிருந்து கீழாக இரண்டாவது. கிளை விழுந்த பின், எஞ்சிய கட்டையை வளையத்தை ஒட்டி மூன்றாவதாக அறுங்கள். காயத்தின் மேல் தாரோ பெயிண்டோ பொதுவாகத் தேவையில்லை. ஓர் ஆண்டில் பசுமையான கிளைகளில் கால்பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம்.

மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் இருக்கும் கிளையைத் தொடாதீர்கள், மின்துறைக்குத் தெரிவியுங்கள். ஏணியில் நின்று இயந்திர ரம்பம் பிடிப்பதும் கூடாது. வேரை வெட்டும் எண்ணம் இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும்: அடிமரத்துக்கு அருகே உள்ள தடித்த பக்க வேர்களே மரத்தைத் தாங்குகின்றன, அவற்றை அறுத்த மரம் அடுத்த புயலில் உங்கள் கூரை மேலேயே சாயக்கூடும்.

படி 8: வெட்டிய பின்

கிளைகளை மதிலுக்கு அந்தப் பக்கம் தூக்கி எறியாதீர்கள். பேசியபடி ஒப்படையுங்கள், அவர் வேண்டாம் என்றால் நீங்களே அகற்றுங்கள். ஓராண்டு கழித்து அவரையும் அழைத்துக்கொண்டு வெட்டிய இடத்தைப் பாருங்கள். புதுத் திசு காயத்தைச் சுற்றி முழு வளையமாகத் திரண்டிருந்தால் வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது; இரு பக்கமும் மட்டும் வளர்ந்து மேலும் கீழும் வெறுமையாக இருந்தால், அடுத்த கிளையைக் கொஞ்சம் வெளியே தள்ளி வெட்ட வேண்டும்.