லாட்டரிச் சீட்டும் குலுக்கல் கூப்பனும்: சட்டத்தின் காவலை நாமே இழந்துவிடும் தவறுகள்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் சாலையில் வாளையாரைத் தாண்டியதும் லாட்டரிக் கடைகள் தொடங்கிவிடும். கேரள அரசின் பெரும்பரிசுச் சீட்டான ஓணம் பம்பர் விற்பனைக்கு வரும் மாதங்களில் அந்தக் கடைகளின் முன்னால் நிற்கும் வண்டிகளில் பாதிக்குமேல் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்டவை. சீட்டு வாங்குவது நல்லதா கெட்டதா என்பதை இந்தக் கட்டுரை ஆராயப் போவதில்லை. ஒரு மாநில அரசு தன் பெயரையும் முத்திரையையும் போட்டு வெளியிடும் சீட்டுக்குச் சட்டம் ஒரு காவல் கொடுத்திருக்கிறது. வாங்குபவர்களும், நல்ல நோக்கத்தோடு குலுக்கல் நடத்துபவர்களும், அறியாமையால் அந்தக் காவலுக்கு வெளியே போய் நின்றுவிடுகிறார்கள். எந்தெந்த இடத்தில் அந்தத் தவறு நேர்கிறது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

நம் ஊரிலும் அரசே சீட்டு விற்ற காலம் உண்டு. 1968-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசுப் பரிசுச் சீட்டுத் திட்டம் வந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் மூத்தவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். ஜெயலலிதா ஆட்சியில் 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. ‘எல்லா’ என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1998-ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் பிற மாநிலச் சீட்டுகளைத் தன் எல்லைக்குள் தடுக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. ஆனால் தன் சீட்டை விற்றுக்கொண்டே அடுத்த மாநிலத்தின் சீட்டை மட்டும் தடுக்க முடியாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே ஒரு மாநிலம் லாட்டரியே இல்லாத மாநிலமாக இருந்தால்தான் அந்தத் தடை நிற்கும். தமிழ்நாடு அப்படிப்பட்ட மாநிலம்.

அந்த 1998 சட்டத்தின் நான்காவது பிரிவை ஒருமுறை படித்தவர்களுக்குக் கேரள லாட்டரியின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும். சீட்டை மாநில அரசே தன் முத்திரையுடன் அச்சிட வேண்டும், குலுக்கலை அரசே தன் மாநில எல்லைக்குள் நடத்த வேண்டும், விற்பனைப் பணம் அரசின் பொதுக் கணக்கில் சேர வேண்டும், ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது, பம்பர் குலுக்கல்கள் ஆண்டுக்கு ஆறைத் தாண்டக் கூடாது என்று அந்தப் பிரிவு வரிசையாக நிபந்தனை விதிக்கிறது. கேரளத்தில் ஞாயிறு முதல் சனி வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயரில் சீட்டு வருவதற்கு இதுவே காரணம். ஸ்த்ரீ சக்தி, காருண்யா என்று பெயர் மாறுவது அழகுக்காக அன்று. ஒரே பெயரில் தினமும் குலுக்கினால் அது சட்டத்தை மீறியதாகிவிடும். கிறிஸ்துமஸ்-புத்தாண்டு, கோடை, விஷு, மழைக்காலம், ஓணம், பூஜை என்று பம்பர்கள் சரியாக ஆறாக இருப்பதற்கும் இந்தப் பிரிவுதான் காரணம்.

தவறுகளில் முதலாவது, சட்டம் விற்பவரை மட்டுமே பிடிக்கும் என்று நினைப்பது. சட்டத்துக்கு மாறாக நடக்கும் லாட்டரியின் சீட்டை விற்பவரையும் விநியோகிப்பவரையும் குறிப்பிடும் ஏழாவது பிரிவு, வாங்குபவரையும் அதே வரியில் சேர்த்தே சொல்கிறது. இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பிணையில் வெளிவர முடியாத குற்றம் என்றும் அது வகைப்படுத்தப்பட்டுள்ளது. பாலக்காட்டில் வேலை செய்யும் ஒருவர் பத்துச் சீட்டுகளை வாங்கிவந்து, உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ ஐம்பது ரூபாய் கூடுதலாக வைத்து விற்பதை நம் மக்கள் உதவியாகவே பார்க்கிறார்கள். அந்தச் சீட்டு அசலாகவே இருக்கலாம். ஆனால் விற்பனை நடந்த இடம் அதைக் கெடுத்துவிடுகிறது. கேரள அரசின் சீட்டைக் கேரளத்துக்குள் மட்டுமே விற்கலாம்.

இதனால் வரும் சிக்கலை 2023 ஓணம் பம்பரில் கண்டோம். 25 கோடி ரூபாய் முதல் பரிசு, வாளையாரில் வாங்கிய சீட்டு ஒன்றுக்காகத் திருப்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கு விழுந்தது. அந்தச் சீட்டு தமிழ்நாட்டில் கள்ளச்சந்தையில் விற்கப்பட்டது என்று ஒரு புகார் கேரள அரசுக்குப் போயிற்று. புகாரின் உண்மை எப்படி இருந்தாலும், வெளிமாநிலத்தவருக்குப் பரிசு விழுந்தால் எந்தக் கேள்வி முதலில் எழும் என்பதை அது காட்டியது. ஆகவே கேரளத்தில் சீட்டு வாங்குகிறவர் கடையின் பெயரையும் தேதியையும் குறித்து வைப்பதும், பயணச்சீட்டோ தங்கிய விடுதியின் ரசீதோ இருந்தால் தூக்கி எறியாமல் இருப்பதும் நல்லது.

இரண்டாவது தவறு செல்பேசியில் சீட்டு வாங்குவது. இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்தவர்களில் மிக அதிகம் பேர் ஏமாந்தது இதில்தான். கேரள லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. இணையத்திலோ செயலியிலோ அதை விற்கக் கேரள லாட்டரித் துறை எவருக்கும் அனுமதி தரவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கும், அதில் முகவர் என்று சொல்லிக்கொள்பவர் சீட்டின் படத்தை அனுப்புவார், ஜிபேயில் பணம் போட்டதும் ‘உங்கள் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது’ என்பார். சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். பரிசு யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது அந்தக் காகிதமும் அதன் பின்புறத்தில் இருக்கும் பெயரும் கையொப்பமும்தான். காகிதம் அவர் கையில் இருக்கிறது. படம் மட்டும் நம் கையில் இருக்கிறது. அதே படத்தை அவர் இருபது பேருக்கு அனுப்பியிருந்தால் நமக்குத் தெரிய வழியே இல்லை. நூறு ரூபாய், ஐந்நூறு ரூபாய்ப் பரிசு விழும்போது அவர் நேர்மையாகக் கொடுத்துவிடுவார். அந்த நேர்மையே அடுத்த மாதம் அதிகப் பணம் போட வைக்கும். பெரிய பரிசு விழுந்தால், விற்பனையே சட்டத்துக்குப் புறம்பானது என்பதால், காவல் நிலையத்தில் போய் என்ன சொல்லிப் புகார் கொடுப்பது?

வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாகச் செய்தி வருவது இதன் மற்றொரு முகம். ‘வரியை முன்கூட்டிக் கட்டினால் பரிசை அனுப்புவோம்’ என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அரசு லாட்டரியில் வரியைப் பரிசுத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். பரிசு பெறுபவரிடம் முன்பணம் கேட்கும் வழக்கம் எந்த அரசு லாட்டரியிலும் இல்லை.

மூன்று நம்பர் லாட்டரியை லாட்டரி என்று அழைப்பதே பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து. குலுக்கலில் வந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரும் அந்த ஆட்டத்தில் அரசின் அச்சும் இல்லை, முத்திரையும் இல்லை, பணம் கொடுக்க வேண்டிய கடமை உள்ளவர் எவரும் இல்லை. ஒற்றை இலக்கத்தின் பேரிலோ முன்னரே அறிவித்த எண்ணின் பேரிலோ பரிசு வைப்பதை அரசுக்கே கூட அந்த நான்காவது பிரிவு மறுத்திருக்கிறது. ஒரு நாளில் பலமுறை ஆடத் தூண்டும் இத்தகைய ஆட்டம் கூலி வாங்கும் குடும்பங்களை எவ்வளவு விரைவாகத் தின்னும் என்பதைத் தெரிந்தே அப்படி எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே, மூன்று சிறு பெண் குழந்தைகள் உட்பட, இந்த ஆட்டத்தில் பட்ட கடனால் அழிந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

பரிசு விழுந்த பிறகு நேரும் தவறுகள் சிறியவை போலத் தெரியும், இழப்போ பெரிது. சீட்டு வாங்கிய கையோடு பின்புறம் பெயர், முகவரி, கையொப்பம் எழுதிவிட வேண்டும். எழுதாத சீட்டு தொலைந்தால் எடுத்தவர் எழுதிக்கொள்வார். முடிவைக் கேரள அரசிதழில் வெளியான எண்ணோடு ஒப்பிட வேண்டும்; யாரோ அனுப்பிய பட்டியல் போதாது. குலுக்கல் நடந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். சட்டைப் பையோடு துவைத்து எழுத்து அழிந்த சீட்டுக்கு எந்த அலுவலரும் பரிசு தர முடியாது. நான்கைந்து பேர் பங்கு போட்டு வாங்கினால், குலுக்கலுக்கு முன்பே யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையொப்பமிடுவது நட்பைக் காக்கும். பரிசு விழுந்த சீட்டை வரியில்லாமல் உடனே காசாக்கித் தருவதாக ஒருவர் வந்தால், அவர் தன் கறுப்புப் பணத்துக்கு நம் சீட்டைக் கணக்காகக் காட்டப் போகிறார் என்று பொருள். கொடுத்தால் நாமும் அந்தக் குற்றத்தில் பங்காளி.

வரிக் கணக்கையும் முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. 25 கோடிப் பரிசில் சீட்டை விற்ற முகவருக்குரிய 10 சதவீதம், அதாவது இரண்டரைக் கோடி, முதலில் போகும். மீதி 22.5 கோடியில் 30 சதவீத வருமான வரியாக 6.75 கோடியைப் பிடித்துக்கொண்டு 15.75 கோடியைக் கையில் தருவார்கள். பலர் இத்தோடு வரி முடிந்தது என்று நினைத்துச் செலவு செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஐந்து கோடிக்கு மேற்பட்ட வருமானத்துக்கு, அந்த வரியின் மேல் புதிய வரிமுறையில் 25 சதவீதமும் பழைய முறையில் 37 சதவீதமும் கூடுதல் வரி உண்டு. அதற்கு மேல் 4 சதவீத மேல்வரியும் உண்டு. இவற்றைப் பரிசு பெற்றவரே பின்னர்க் கட்ட வேண்டும். புதிய முறையில் கணக்கிட்டால் ஏறத்தாழ இன்னும் இரண்டு கோடி. 2022-இல் ஓணம் பம்பர் வென்ற திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வந்த கூட்டத்தால் சொந்த வீட்டிலேயே இருக்க முடியாமல் தவித்தார். அடுத்த ஆண்டு முதல் பரிசு வென்றவர்களுக்குப் பண மேலாண்மைப் பயிற்சி தரக் கேரள அரசு தொடங்கியது. அதற்கு அழைப்பு வந்தால் போகத் தயங்க வேண்டாம்.

இனி, வாங்குபவர்களை விட்டு நடத்துபவர்களிடம் வருகிறேன். கோவில் திருவிழா, பள்ளிக் கட்டட நிதி, குடியிருப்போர் சங்க ஆண்டுவிழா என்று அதிர்ஷ்டக் குலுக்கல் கூப்பன் அச்சடிக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே என்ற எண்ணம் எவரையும் யோசிக்க விடுவதில்லை. சட்டமோ, எந்த வடிவில் இருந்தாலும் எந்தப் பெயரில் அழைத்தாலும், சீட்டை விலைக்கு வாங்கியவர்களுக்கு அதிர்ஷ்டத்தின் அடிப்படையில் பரிசு வழங்கும் எந்தத் திட்டத்தையும் லாட்டரி என்றே வரையறுக்கிறது. கூப்பனில் ‘நன்கொடை ரூ.100’ என்று அச்சிட்டு, அதன் கீழே ‘முதல் பரிசு ஸ்கூட்டர்’ என்று போட்டால் அந்த வரையறையிலிருந்து தப்பிவிட முடியாது.

லண்டனிலிருந்து வரும் உறவினர்கள் அங்குள்ள கோவில்களில் இப்படி ராஃபிள் நடத்துவதைச் சொல்லி நம்மையும் ஊக்குவிப்பார்கள். அங்கே அதற்கென்று ஒரு சட்ட வழி இருக்கிறது. பிரிட்டனின் 2005 சூதாட்டச் சட்டத்தின்படி சிறு சங்கங்கள் உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வசூலில் குறைந்தது 20 சதவீதம் அந்த நற்பணிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு குலுக்கலின் விற்பனை 20,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸில் அறப்பணிக்கான பிங்கோ என்னும் எண் ஆட்டத்துக்கு மாநில அரசு உரிமம் தருகிறது. நம் ஊர்ச் சங்கத்துக்கு அப்படி விண்ணப்பித்துப் பெறும் எளிய உரிமம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. கடைக்காரர்களும் இதே போல் ஏமாறுகிறார்கள். பொருள் வாங்குவோருக்குக் குலுக்கல் முறையில் பரிசு தருவதைத் தமிழ்நாட்டின் 1979 பரிசுத் திட்டத் தடைச் சட்டம் தடுக்கிறது. அகில இந்திய விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் ‘இச்சலுகை தமிழ்நாட்டில் செல்லாது’ என்று வருவது இதனால்தான்.

‘சீட்டு’ என்ற சொல் நம்மிடம் இரண்டு பொருளில் வழங்குவதும் ஒரு குழப்பத்துக்கு இடம் தருகிறது. பதிவு பெற்ற ஏலச்சீட்டு 1982-இன் சீட்டு நிதிச் சட்டத்துக்கு உட்பட்ட முறையான தொழில். மாதத் தவணை கட்டிவரும் நூறு பேரில் குலுக்கலில் பெயர் வந்தவருக்குப் பண்டத்தைக் கொடுத்து ‘மீதித் தவணை கட்ட வேண்டாம்’ என்று சொல்லும் சீட்டு வேறு. அதை 1978-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பரிசுச் சீட்டு என்று பெயரிட்டுத் தடை செய்திருக்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

எங்கள் தெருச் சங்கத்திலும் நூலக அறை கட்டுவதற்காக ஒரு முறை கூப்பன் புத்தகங்கள் அச்சாகி வந்துவிட்டன. அரக்கு வண்ண அட்டை, வரிசை எண், கிழித்துக் கொடுக்கத் துளைக்கோடு எல்லாம் இருந்தன. உறுப்பினரான ஒரு வழக்கறிஞர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, ‘தம்பி, இதை விற்றால் செயலாளர் பெயரில்தான் வழக்கு வரும்’ என்றார். அதுவரை விற்ற நாற்பத்திரண்டு கூப்பன்களையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுத்தோம். பிறகு பரிசு எதுவும் இல்லாத சாதாரண நன்கொடை ரசீதுப் புத்தகம் அச்சடித்தோம். ஆண்டுவிழா அன்று வந்த எல்லாரிடமும் காசு வாங்காமல் பெயரெழுதி வாங்கி, ஒரு குழந்தையை விட்டுக் குடத்திலிருந்து மூன்று பெயர்களை எடுக்கச் சொல்லிக் குக்கர் கொடுத்தோம். நூலக அறைக்குப் பணம் சேர மேலும் ஓராண்டு பிடித்தது.