தங்க முத்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி நேரு வீதியில் தங்க முத்து, அதாவது பொன்னிறக் கடல் முத்து, பதித்த தோடோ பதக்கமோ எடுப்பவர்கள் ஹால்மார்க் முத்திரையைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த முத்திரையும் கூடவே வரும் ஆறெழுத்து அடையாள எண்ணும் தங்கத்துக்கு மட்டுமே பொறுப்பு. முத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்பதை நாம்தான் கேட்டு அறிய வேண்டும்.

"நம் கடல் முத்து" என்று சொன்னால் நம்பாதீர்கள். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி சிறியது, வேறு இனம். இயற்கையான பொன்னிறத்தோடு பெரிய முத்துகளைத் தருவது உள்விளிம்பு தங்க நிறமாக இருக்கும் 'பிங்டாடா மேக்சிமா' என்ற பெரிய சிப்பி. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியான்மர் கடல்களில் அதை வளர்க்கிறார்கள். சிப்பிக்குள் சிறு மணியைக் கருவாக வைத்தபின், அதைச் சுற்றி முத்து விளைய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். பெரும்பாலும் 9 முதல் 14 மில்லிமீட்டர் வரை பருமன் இருக்கும். ஆகவே 6 மில்லிமீட்டர் முத்து ஆழ்ந்த பொன்னிறத்தில் மலிவாகக் கிடைத்தால் சாயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பல்லில் உரசிப் பார்த்துத் திருப்தி அடைவது இன்னொரு தவறு. நறநறவென்று இருந்தால் அது கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ அல்ல என்று தெரியும், அவ்வளவே. சாயம் ஏற்றிய நன்னீர் முத்தும் அப்படித்தான் நறநறக்கும். அதைவிட, உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கித் துளையின் விளிம்பைப் பாருங்கள். அங்கேயோ மேற்பரப்பின் சிறு குழிகளிலோ நிறம் திட்டாகத் தேங்கியிருந்தால், கோத்த நூலில் மஞ்சள் கறை இருந்தால், அது சாயம். மாலையின் எல்லா முத்தும் அச்சடித்ததுபோல ஒரே நிறமாக இருப்பதும் நல்ல அறிகுறி அல்ல. ஆனால் தேர்ந்த சாயவேலை கண்ணுக்குப் பிடிபடாது. பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால் நிறம் இயற்கையானது என்று கூறும் ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் வாங்கவே கூடாது. 'ஏ ஏ ஏ' என்ற தரக்குறியை மட்டும் நம்பிப் பயனில்லை. அதற்கு உலகப் பொது அளவுகோல் கிடையாது, கடைக்குக் கடை மாறும்.

கடையின் மஞ்சள் விளக்கில் வெளிறிய முத்தும் பொன்னாகத் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். உங்கள் முகமும் வாசல் நிலையும் முத்தில் கூர்மையாகத் தெரிய வேண்டும். அடர்ந்த நிறத்தோடு சுண்ணாம்பு பூசியதுபோல மங்கிக் கிடக்கும் முத்தைவிட, வெளிர்பொன்னாக இருந்தாலும் பளபளக்கும் முத்தையே நான் தேர்வு செய்வேன். உருண்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தொங்கலுக்கும் பதக்கத்துக்கும் துளி வடிவம் அழகு, விலையும் குறையும்.

பில்லில் முத்தின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று சரிபாருங்கள். முத்துக்குத் தனி விலை, 'இயற்கை நிறம்' என்ற குறிப்பு இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

வாங்கியபின் நடக்கும் பெரிய தவறு, தங்க நகைகளோடு சேர்த்துப் புளித்தண்ணீரில் ஊறப்போடுவது. புளியின் அமிலம் முத்தின் படலத்தை அரித்துவிடும். போன மெருகு திரும்பாது. கடலூர், புதுச்சேரி வெயிலில் வியர்வையும் அதே வேலையைச் செய்யும் என்பதால், கழற்றியதும் மென்மையான ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். தோட்டின் தண்டு முறிந்து பத்தரிடம் கொடுத்தால், முத்தை எடுத்துவிட்டுப் பற்றவைக்கும்படி தவறாமல் சொல்லுங்கள்.