வேளைச் செடியை இனம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தால் போதும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் குப்பைமேட்டிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் வேளை முளைத்துவிடும். சில மாதங்களில் பூத்துக் காய்த்துப் பட்டுப்போகிற செடி. கீரைக்காகப் பறிக்கப் போகிறவர்கள் நல்வேளை என்று நாய்வேளையைக் கிள்ளிக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிறது.

முதல் தவறு, இலையைப் பார்த்தே முடிவு கட்டுவது. விரித்த கைபோல ஐந்து சிற்றிலை இருந்தால் நல்வேளை, மூன்று இருந்தால் நாய்வேளை என்பார்கள். இதை நம்ப முடியாது. நாய்வேளையின் அடியிலைகளிலும் ஐந்து இருக்கும். நல்வேளையின் உச்சியில் மூன்றுதான் இருக்கும். ஒரே செடியை மேலிருந்து கீழ்வரை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அடுத்தது, 'கையில் ஒட்டினால் நாய்வேளை' என்ற கணக்கு. நாய்வேளை நன்றாகவே பிசுபிசுக்கும், சரி. ஆனால் நல்வேளையின் இளந்தண்டிலும் பிசின் சுரக்கும் மயிர்கள் உண்டு. வாடையும் இரண்டிலும் வீசும். தண்டின் நிறமும் உதவாது. பச்சைத் தண்டு ஒரு வகை, ஊதாத் தண்டு வேறு வகை என்று பிரிக்கிறார்கள். நல்வேளையில் இரண்டு நிறமும் வரும். வெள்ளைப் பூவில் இளஞ்சிவப்பு ஓடியிருந்தாலும் அது நல்வேளைதான்.

பூ வந்துவிட்டால் குழப்பமே இல்லை. நாய்வேளைக்கு மஞ்சள் பூ, நல்வேளைக்கு வெள்ளைப் பூ. நிறத்தோடு நின்றுவிடாமல், ஒரு நல்வேளைப் பூவைக் கிள்ளிக் கண்ணருகே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நான்கு இதழ்களும் அடியில் இருக்கும். அவற்றின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய காம்பு எழும். அந்தக் காம்பின் பாதி உயரத்தில்தான் ஆறு மகரந்தத் தாள்களும் புறப்படும். காம்பு அதற்கும் மேலே போய் நுனியில் பிஞ்சைத் தாங்கும். சூலகக் காம்பிலேயே மகரந்தத் தாள் ஏறி நிற்பதால்தான், 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு 'கைனாண்ட்ரா' என்று பெண்ணையும் ஆணையும் சேர்த்துப் பெயர் வைத்தார். நாய்வேளைப் பூவில் இந்த ஏற்பாடு கிடையாது. தாள்கள் நிறைய இருக்கும், எல்லாம் பூவின் அடியிலிருந்தே கிளம்பும். அதனால் பூவை மேலிருந்து மட்டும் படம் எடுத்து யாரிடமும் காட்டாதீர்கள். மேலிருந்து பார்த்தால் அந்தக் காம்பு தெரியாது.

பூ உதிர்ந்துபோன செடிக்கு என் அப்பத்தா வைத்திருந்த வழி இன்னும் சுருக்கம். "இலையப் பாக்காதடா, காயப் பாரு" என்பார். நாய்வேளைக் காய் தனிக் காம்பில்லாமல், நெட்டுக்குத்தாக, தொட்டால் ஒட்டும்படி நிற்கும். நல்வேளைக் காய் நீண்ட காம்பில் விலகி நிற்கும். அந்தக் காம்பைத் தடவினால் நடுவில் கணுபோல ஒரு தடம் விரலில் படும். மகரந்தத் தாள்கள் இருந்து உதிர்ந்த இடம் அது.

பெயரை மட்டும் கேட்டு வாங்குவதும் தவறு. தைவேளை என்றால் பெரும்பாலும் நல்வேளையைத்தான் சொல்வார்கள், ஆனாலும் பூ என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் பாண்டிய நாட்டைப் பாடும் புறநானூற்று 215ஆம் பாட்டிலும், எருப்பொடி படிந்த தெருவில் பூத்த வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரோடு சேர்த்து ஆயர்மகள் சமைக்கிறாள். நிறத்தையும் முளைக்கும் இடத்தையும் அந்தப் பாட்டு அன்றே சேர்த்துச் சொல்லிவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். நாய்வேளைக்கு நாய்க்கடுகு என்றும் பெயர். விதையைக் கடுகுபோலத் தாளிக்கிற வழக்கம் உண்டு.

அப்புறம், ஊதாப் பூ பூத்துத் தரையோடு தாழ்ந்து வளரும் சின்னச் செடி ஒன்று இப்போது கண்ணில் படுகிறது. மூன்று சிற்றிலைதான் இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேளை இனம் அது. நல்வேளையின் நிற வேறுபாடு அல்ல. தோட்டத்தில் அழகுக்கு வளர்க்கிற, பெரிய இளஞ்சிவப்புப் பூங்கொத்து உள்ள வேளையும் வேறு இனம். இலைக்காம்பின் அடியில் முள் இருக்கும்.

சாக்கடை ஓரத்திலும், களைக்கொல்லி அடித்த வரப்பிலும் எந்த வேளையையும் பறிக்க வேண்டாம். நல்வேளை என்று பூவை வைத்து உறுதியான ஒரு செடியைக் கொல்லையில் விதைக்கு விட்டுவையுங்கள். காய் பழுத்து மஞ்சளாகும்போதே பறித்துத் துணியில் உலர்த்த வேண்டும். காயவிட்டால் செடியிலேயே வெடித்து, நத்தை ஓடுபோலச் சுருண்ட கரிய சொரசொர விதையெல்லாம் மண்ணில் கொட்டிவிடும்.