கேமராவை அணைத்துவிட்டுக் கொக்கியை மாட்டுங்கள்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. நான் சொல்லப்போவது வேறு கேரவன். பிரிட்டனில் வார இறுதியானால் காரின் பின்னால் ஆடி அசைந்து வருமே, அந்த வெள்ளைப் பெட்டி. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, அதைவிடச் சின்ன கழிப்பறை. அதை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதும், போன இடத்தைத் தமிழில் நிகழ்ச்சியாக எடுத்து வெளியிடுவதும் எங்கள் வீட்டின் நெடுநாள் பைத்தியம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் கடினமான வேலைகள் அல்ல. சேர்த்துச் செய்யும்போதுதான் வினை. கேரவன் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. கேமரா உள்ளே வந்தால் அந்த வரிசை கலைந்துவிடும். நாங்கள் செய்த தவறுகளில் பாதி இப்படி வந்தவை.

முதல் ஆண்டிலேயே தொடங்கியது. காரின் கொக்கியில் கேரவனை மாட்டும் காட்சியை மூன்று கோணங்களில் எடுக்க ஆசைப்பட்டேன். மாட்டினேன், கழற்றினேன், கேமராவை இடம் மாற்றி வைத்து மறுபடி மாட்டினேன். மூன்றாவது முறை காட்சி பிரமாதமாக வந்தது. அந்த மகிழ்ச்சியில் வண்டியைக் கிளப்பினால், பின்னால் நிலத்தை உழும் சத்தம். நான்கு மூலைகளிலும் கேரவனைத் தாங்கும் கால்களில் பின்னிரண்டை மேலே ஏற்றவே இல்லை. புல்தரையில் நீளமாக இரண்டு சால்கள். பக்கத்து வண்டிக்காரர் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அதிகம் வலித்தது. மனைவிதான் சொன்னாள்: “கேமரா கிடக்கட்டும், முதலில் கால்களைப் பாருங்கள்.”

இப்போது எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு: கிளம்பும் நாளில் கொக்கி மாட்டும்போது கேமரா பெட்டிக்குள். எரிவாயுவை மூடுவது, கூரைச் சாளரத்தைத் தாழிடுவது, மின்கம்பியைக் கழற்றுவது, கால்களை ஏற்றுவது, பிறகு கொக்கி. காரின் பின்னாலிருக்கும் இரும்புப் பந்தின் மேல் கேரவனின் கொக்கி உட்கார்ந்ததும் பச்சைக் குறி தெரியும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். முன்னாலிருக்கும் சிறு சக்கரத்தைச் சுழற்றி வண்டியைக் கொஞ்சம் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால்தான் மாட்டியிருக்கிறது என்று பொருள். அடுத்தது, கொக்கி கழன்றால் கேரவனின் பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பி. அதைக் காரில் அதற்கென்று இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். பலர் அவசரத்தில் மறப்பது இதைத்தான். கடைசியாக 13 ஊசி மின்இணைப்பு, விளக்குகள். இருவர் இருந்தால் வேலையைப் பங்கு போடாதீர்கள். பங்கு போட்டால், அவர் செய்திருப்பார் என்று இவரும், இவர் செய்திருப்பார் என்று அவரும் நினைப்பார்கள். ஒருவர் முழுவதையும் செய்யட்டும், மற்றவர் பின்னாலேயே வந்து சரிபார்க்கட்டும். கொக்கி மாட்டும் காட்சி வேண்டுமென்றால் பயணமில்லாத நாளில் வீட்டு முற்றத்தில் எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

எடை என்ற கணக்கு

கேரவனில் கொஞ்சம் இடம் தெரிந்தால் போதும், நாம் எதையாவது வைத்துவிடுவோம். ஆனால் சட்டம் பார்ப்பது இடத்தை அல்ல, எடையை. உங்கள் கேரவனின் உச்ச எடை 1,400 கிலோ, தொழிற்சாலையிலிருந்து வந்தபோதிருந்த எடை 1,250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 150 கிலோ. அதற்குள்தான் முன்கூடாரம், நாற்காலி, போர்வை, பாத்திரம், அரிசி மூட்டை எல்லாம். உருட்டிச் செல்லும் தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பினால் அதுவே 40 கிலோ. அதை ஊருக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாமே! இதற்கு மேல் முக்காலி, விளக்குகள், பேட்டரிகள் என்று நிகழ்ச்சிக்காரர்களின் சுமை வேறு. அந்தச் சுமையைக் காருக்குள் வைப்பதே நல்லது, காரின் எடை வரம்புக்குள்.

புதிதாக இழுப்பவர்களுக்கு இங்கே ஒரு வழக்கமான அறிவுரை உண்டு: கேரவனின் உச்ச எடை, காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். 1,400 கிலோ கேரவனுக்குக் கார் ஏறக்குறைய 1,650 கிலோ இருக்க வேண்டும். உள்ளே எதை எங்கே வைக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். கனமானவை சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். கொக்கியை அழுத்தும் எடை, நிறைந்த கேரவனின் எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருப்பது நல்லது. நம் எடுத்துக்காட்டில் 70 முதல் 98 கிலோ. காரும் கொக்கியும் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். முக்காலிகளைப் பின்பக்க இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால் முன்பக்கம் லேசாகி, வேகத்தில் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் தானாக அடங்கும். சொல்வது எளிது, அந்தச் சில நொடிகள் நெஞ்சுக்குள் வேறு கணக்கு ஓடும்.

சாலையில்

1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர், பிரிஸ்டலில் செய்த ‘வாண்டரர்’ என்ற கேரவனை இரண்டு குதிரைகள் இழுக்க, இங்கிலாந்தின் ட்வைஃபர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். உல்லாசத்துக்காகக் கேரவன் ஓட்டிய முதல் மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே பயணத்தைப் புத்தகமாக்கிவிட்டார்; அப்போதே நம் சாதிதான்! அவருடைய உதவியாளர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் வழி பார்ப்பார். நமக்கு முன்னால் போவது வரைபடச் செயலி ஒன்றுதான்; அதுவோ நம்மை வெறும் கார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

வடக்கு யார்க்‌ஷயரில் சட்டன் பேங்க் என்ற ஏற்றத்தில் கேரவன்களுக்குத் தடை. நான்கடிக்கு ஓரடி உயரும் சரிவு அது. ஸ்காட்லாந்தில் ஆப்பிள்கிராஸ் போகும் பீலக் நா பா கணவாயின் அடிவாரத்திலேயே கேரவன்களுக்கு ஏற்றதல்ல என்ற பலகை இருக்கிறது. படத்தில் அற்புதமாக இருக்கும் சாலைகள் இவை, அதனால்தான் நிகழ்ச்சிக்காரர்களின் கை அரிக்கிறது. கேரவனைக் கீழே நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் ஏறுங்கள். சாலை அதேதான், காட்சியும் அதேதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேரவனோடு, எதிரெதிரே வண்டிகள் வரும் சாதாரணச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுவில் தடுப்புள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல்தான் உச்சம். மூன்று தடமுள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடம் நமக்கில்லை. காரின் பின்பக்கத்தைவிடக் கேரவன் அகலமென்றால், பின்னால் பார்க்கக் காரின் பக்கக் கண்ணாடிகளில் மாட்டும் நீட்டிக் கண்ணாடிகள் கட்டாயம். இல்லாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் 3 தண்டப் புள்ளிகளும். ஓடும் கேரவனுக்குள் ஆள் உட்காரக்கூடாது, ‘உள்ளிருந்து ஒரு காட்சி’ எடுப்பதற்காகக்கூட. கையில் ஃபோனைப் பிடித்து ஓட்டிக்கொண்டே படம் எடுப்பதும் 2022 மார்ச் முதல் தெளிவாகவே குற்றம்: 200 பவுண்டு, 6 புள்ளிகள்.

இறங்கிய இடத்தில்

ஐந்து கேரவன்களுக்கு மட்டும் இடமுள்ள பண்ணைத் தளங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு, இந்தப் பக்கம் நாம். அங்கே அமைதிதான் வாடகைக்கு வருகிறது. முதல் இரவே நான் அதைக் குலைத்தேன். குக்கர் மூன்று விசில் அடித்ததும் எதிரே திரைச்சீலைகள் விலகின. பிறகு சோற்றை வடித்தே சமைக்கிறோம். அடுத்தவர் இடத்தின் குறுக்கே நடப்பது, அவர்கள் ஜன்னலைக் கேமராவால் துழாவுவது, வண்டி எண்ணைப் படத்தில் விட்டுவிடுவது எல்லாம் ஒரே வகைத் தவறு. வந்ததும் தளக்காரரிடம் படமெடுக்க அனுமதி கேளுங்கள். ட்ரோன் என்றால், மிகச் சிறியவற்றைத் தவிர, விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிய வேண்டும். 120 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது. பழைய மாளிகைகளையும் இயற்கை நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் நிலங்களில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

மின்சாரம் அடுத்த பாடம். தளம் தருவது 10 ஆம்பியர் என்றால் மொத்தம் 2,300 வாட். வீட்டுக் கெட்டிலும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் எல்லாம் அணைந்துவிடும், பெரும்பாலும் மழையில், இரவில். மின்கம்பியைச் சுருளோடு விட்டுவிடாதீர்கள், சூடேறும். இணைப்பில்லாத தளத்தில் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பத்திரமாக எடுக்கக்கூடியது பாதிதான், சுமார் 600 வாட்-மணி. கணினியில் படத்தொகுப்பு செய்தால் ஒரே மாலையில் தீரும். குளிரில் முன்கூடாரத்துக்குள் கரியடுப்பை இழுத்து வைப்பது எல்லாவற்றிலும் கொடிய தவறு. அணைந்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்ஸைடு வரும், அதற்கு மணமில்லை.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. மழை பெய்யும்போது கேரவனுக்குள் பேசிப் பதிவு செய்தால் தகரக் கொட்டகையில் பேசியதுபோல இருக்கும். காரின் முன்னிருக்கையில் போர்வையைத் தொங்கவிட்டுப் பேசினால் ஒலிப்பதிவுக் கூடம் தோற்றது. வெளியே என்றால் மைக்குக்கு ரோமத் தொப்பி வேண்டும். கடலோரக் கார்ன்வால் காற்றுக்கு வெறும் நுரைப்பஞ்சு உறை போதாது.

நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது: இட்லி. மூடிய கேரவனில் இருபது நிமிடம் ஆவி கட்டினால் சுவரெல்லாம் வியர்க்கும், அலமாரிக்குப் பின்னால் ஈரம் தங்கும். கேரவனை உள்ளிருந்து கொல்வது ஈரம். கூரைச் சாளரத்தைத் திறந்து, குளிர்ந்தாலும் பரவாயில்லை என்று சமையுங்கள், அல்லது அடுப்பை முழுதும் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். தாளித்தால் புகை மணி அலறும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எரிச்சலில் அதைக் கழற்றிவிடாதீர்கள்.

இன்றைய இடத்தை இன்றே வெளியிடுவதும் தவறுதான். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பது அது. நாங்கள் திரும்பி வந்து ஒரு வாரம் கழித்துத்தான் வெளியிடுவோம். இலவசமாக வந்த பொருளைக் காட்டினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சட்டமும் அதுதான். ஒரு பருவம் பயன்படுத்திப் பார்க்காமல் புகழவும் வேண்டாம்.

டயர் நன்றாகத் தெரிந்தாலும் ஐந்தாம் ஆண்டில் மாற்றிவிடுங்கள். குளிர்காலத்துக்கு நிறுத்துமுன் குழாய்களைத் திறந்து, வெந்நீர்க் கலனையும் வடித்துவிடுங்கள். ஓர் ஆண்டு நான் குழாயை வடித்தேன், கலனை மறந்தேன். ஜனவரியில், பனி போர்த்திய கேரவனில் காலைக் காபி என்று ஓர் அழகான காட்சிக்காகக் கேமராவை ஓடவிட்டு, பம்பைப் போட்டேன். உறைந்து வெடித்திருந்த கலனிலிருந்து தண்ணீர் இருக்கைக்கு அடியிலிருந்து ஓடி வந்தது. அப்போது நான் சொன்ன சொற்கள் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தன. மழை இல்லாததால் ஒலியும் அன்று துல்லியம். அந்தப் பகுதியை இதுவரை வெளியிடவில்லை.