அதிகம் பேர் அறியாத கரைகளைத் தேடிப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

யாரும் அதிகம் போகாத ஒரு கடற்கரையைப் படத்தில் பார்த்திருப்போம். விசாரித்து, வழி தவறி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால் அங்கே கடற்கரையே இருக்காது. பாறையின் அடிவாரம் வரை தண்ணீர் நிற்கும். இடம் தப்பில்லை, மேப்பில் குத்திய புள்ளியும் சரிதான். போன நேரம்தான் தப்பு. எனக்கு இது இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறைதான் உறைத்தது: இடம் எங்கே என்று மட்டும் தேடியிருக்கிறேன், அது எப்போது அப்படி இருக்கும் என்று ஒருமுறைகூடத் தேடவில்லை.

சாட்டிலைட் படத்தை அப்படியே நம்பிவிடுவதில்தான் பெரும்பாலும் இது தொடங்குகிறது. திரையைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே பிறை மாதிரி வெள்ளை மணல் தெரியும். ஆனால் அந்தப் படம் என்றைக்கோ ஒரு நாள், ஏதோ ஒரு வேளையில் எடுத்தது. கடல் வற்றியிருந்த நேரமாக இருந்தால், மீதி நேரத்தில் அந்த மணல் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். பருவமும் கணக்கில் வரும். கடல் சீறும் மாதங்களில் பெரிய அலைகள் கரை மணலை அரித்துக்கொண்டு போய், சற்றுத் தள்ளிக் கடலடியில் திட்டாகக் குவித்து வைக்கும். கடல் அடங்கியதும் சிறிய அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் ஒரே கரை ஒரு பருவத்தில் மணல்வெளியாகவும் இன்னொரு பருவத்தில் வெறும் கல்லாகவும் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதியோடு புரட்டிப் பார்க்கலாம். நாலைந்து தேதிகளில் ஒரே இடத்தைப் பார்த்தாலே அந்தக் கரையின் குணம் பிடிபட்டுவிடும்.

அடுத்தது ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது. இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அழகும் ஆபத்தும் இதில்தான் இருக்கின்றன. பெரும்பாலான கரைகளில் ஏறக்குறைய 24 மணி 50 நிமிடத்துக்குள் கடல் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். இன்று காலை 10 மணிக்கு வற்றிய கரை நாளை 10.50-ஐ ஒட்டித்தான் வற்றும். 'நேற்று இதே நேரத்துக்குத்தானே வந்தோம்' என்ற கணக்கு அதனால்தான் உதைக்கிறது. எவ்வளவு ஏறும் என்பது ஊருக்கு ஊர் வேறு. மத்தியத் தரைக்கடலின் பெரும்பகுதியில் அரை மீட்டர்கூட இருக்காது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும், ஐந்து மாடி உயரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம்.

ஏறும் வேகமும் சீராக இருக்காது. கடலோடிகள் இதற்குப் பன்னிரண்டு பங்குக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், ஏறுவதற்கு ஆகும் ஆறு மணி நேரத்தில், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, மறுபடி மூன்று, இரண்டு, ஒன்று. நான்கு மீட்டர் ஏறும் கரை என்றால் முதல் மணி நேரத்தில் 33 சென்டிமீட்டர்தான் ஏறும். மூன்றாவது மணியிலும் நான்காவது மணியிலும் ஒவ்வொரு மீட்டர். இது தோராயம்தான், எல்லாக் கரைக்கும் பொருந்தாது. ஆனால் மாட்டிக்கொள்பவர்கள் எப்படி மாட்டுகிறார்கள் என்பது இதில் தெரியும். முதல் மணி நேரத்தைப் பார்த்துவிட்டு 'மெதுவாகத்தான் ஏறுது, இன்னும் கொஞ்சம் உட்காரலாம்' என்று நினைக்கிறார்கள்.

அகன்ற மணல்வெளி இன்னொரு வகையில் ஏமாற்றும். பார்வைக்குச் சமதளம். உண்மையில் கடல் பக்கம் மேடாகவும் நமக்குப் பின்னால் கரைப் பக்கம் பள்ளமாகவும் இருக்கலாம். நாம் முன்னால் வரும் அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வாய்க்கால் நிரம்பிவிடும். ஓர் ஆற்று முகத்துவாரத்தில் நான் திரும்பிப் பார்த்தபோது, என் காலடித் தடங்கள் ஒவ்வொன்றும் குட்டிக் குளமாக இருந்தன. மணலுக்கு அடியிலிருந்தே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வரும்போது கணுக்கால்கூட நனையாத வாய்க்காலில் போகும்போது தொடை வரை தண்ணீர். அத்தோடு விட்டது என் அதிர்ஷ்டம். இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 அன்று இரவு, சிப்பி பொறுக்கப் போன தொழிலாளர்களைக் கடல் இப்படித்தான் சூழ்ந்தது. குறைந்தது 21 பேர் இறந்தார்கள்.

அதற்காக வற்றும் நேரத்தை ஒதுக்கிவிடக் கூடாது. பாறைக் குகைகள், நட்சத்திர மீன் ஒட்டியிருக்கும் சுனைகள், நடந்தே போகக்கூடிய குட்டித் தீவுகள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். முழுதாக வற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இறங்கி, வற்றி முடிக்கும் நேரத்தில் திரும்பத் தொடங்குங்கள். ஓத அட்டவணையை அந்தக் கரைக்கு மிக அருகிலுள்ள துறைமுகத்துக்குப் பாருங்கள். அட்டவணை உள்ளூர் நேரத்தில்தான் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வெளிச்சத்திலும் இதே தப்புதான். கிழக்குப் பார்த்த கரையில் போய் நின்றுகொண்டு சூரியன் கடலில் விழும் என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உயர்ந்த பாறைச் சுவருக்கு அடியிலுள்ள மணல் மதியத்துக்கு மேல் நிழலுக்குள் போய்விடலாம். கரை எந்தத் திசை பார்க்கிறது என்று கிளம்பும் முன் பார்த்தால் போதும்.

சரி, சரியான நேரத்துக்குப் போய்விட்டோம். ஆளில்லாத கரையில் குளிக்க நினைப்பவர்கள் பொதுவாக அலை அடிக்காத இடமாகப் பார்த்து இறங்குவார்கள். பல சமயம் மோசமான இடமே அதுதான். இரண்டு பக்கமும் அலை நுரைக்க, நடுவில் மட்டும் தண்ணீர் கருத்து அமைதியாகத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இழுப்பை எதிர்த்து நீந்தி வெல்வது தேர்ந்த நீச்சல்காரருக்கே சிரமம். அகப்பட்டால் முதலில் மிதந்தபடி இருங்கள். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பது என் வழக்கம்.

பாறை விளிம்பில் நின்று படம் எடுப்பவர்களுக்குக் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. அலை அடியில் அரித்துக்கொண்டே இருக்கும், மேலே புல் பச்சையாகவே இருக்கும். ஆஸ்திரேலியாவில் போர்ட் கேம்ப்பெல் அருகே 'லண்டன் பிரிட்ஜ்' என்ற இயற்கைப் பாலத்தின் ஒரு வளைவு 1990 ஜனவரியில் இடிந்து விழுந்தது. கடல் பக்கம் நின்றிருந்த இரண்டு பேரை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. மால்டாவில் உலகமே படம் எடுத்த 'அசூர் விண்டோ' 2017 மார்ச் 8 அன்று புயலில் மொத்தமாகக் கடலுக்குள் போனது. கீழே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மழைக்குப் பிறகு பாறைச் சுவரை ஒட்டிய நிழலில் உட்காராதீர்கள். கீழே கிடக்கும் கற்களின் முகம் மற்றவற்றைவிட வெளுத்து, பாசி பிடிக்காமல் இருந்தால் அவை புதிதாக விழுந்தவை.

இனி நடை. கரையோரப் பாதையை மேப்பில் 8 கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் என்று நினைப்பது எல்லோரும் செய்வது. ஓடை கடலில் சேரும் ஒவ்வொரு இடத்திலும் பாதை கீழே இறங்கி மறுபடி ஏறும். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, மொத்தமாக ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. நம் 8 கிலோமீட்டரில் ஏற்றம் எல்லாம் சேர்ந்து 600 மீட்டர் என்றால் 2 மணி 36 நிமிடம். அதுவும் எங்கேயும் நிற்காமல். அழகான இடத்துக்குப் போகிறவர் யார் நிற்காமல் நடக்கிறார்? சூரியன் மறைவதைப் பார்க்கப் போனால் திரும்பும் நடை இருட்டில்தான் என்பதால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் மேப் திறக்காது. கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள்.

உள்ளூர்க்காரர்களிடம் கேட்பதிலும் ஒரு தவறு உண்டு. 'இங்கே பார்க்க என்ன இருக்கு?' என்று கேட்டால், வெளியூர் ஆள் என்று பார்த்ததும் எல்லோரும் போகும் இடத்துக்கே அனுப்புவார்கள். 'சாயங்காலம் சும்மா காற்று வாங்க நீங்க எங்கே போவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் யோசிப்பார்கள், அப்புறம் கையை நீட்டி ஒரு சந்துப் பாதையைக் காட்டுவார்கள். அங்கே போக எந்த நேரம் நல்லது என்பதையும் கையோடு கேட்டுவிடலாம்.

வயல்வெளிப் பாதைகளில் நிலத்துக்கு ஆள் உண்டு என்பது மறந்துபோகிறது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது. பக்கத்திலுள்ள இங்கிலாந்தில் குறிக்கப்பட்ட பொதுப் பாதைகளிலும் திறந்துவிடப்பட்ட நிலங்களிலும்தான் அந்த உரிமை. ஆக, போகும் நாட்டின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். படல் திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். வயல் வாசலில் காரை நிறுத்தாதீர்கள். டிராக்டர் திரும்ப நீங்கள் நினைப்பதைவிட நிறைய இடம் வேண்டும். கன்றோடு நிற்கும் மாட்டை நெருங்காமல் விலகிப் போங்கள்.

மணலிலும் குடியிருப்பவர்கள் உண்டு. உப்புக்கொத்தி என்ற சின்னக் கரைப் பறவைகள் கூடு கட்டாமல் வெறும் மணலிலேயே முட்டை இடும். கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் இரண்டடி தூரத்தில்கூட வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பறவை இறக்கை ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினால் பாவம் என்று பின்னால் போகாதீர்கள். முட்டையை விட்டு உங்களை விலக்க அது போடும் நாடகம் அது. வந்த தடத்திலேயே பின்வாங்குவது நல்லது.

கடைசியாக, படம் போடுவது. ஐஸ்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கு 2015-இல் ஒரு பாப் பாடகரின் காணொளியில் வந்த பிறகு கூட்டம் குவிந்தது. பாசி மிதிபட்டு மண் கலங்கியதால் 2019-இல் அதை மூடி வைக்க வேண்டி வந்தது. படத்தைப் போடுங்கள், துல்லியமான புள்ளியைப் போட வேண்டாம். சில கேமரா செயலிகள் இடத்தைப் படத்துக்குள்ளேயே பதித்துவிடும், அனுப்பும் முன் அதை அணைத்துவிடுங்கள். நெருங்கிய நண்பர் கேட்டால் தனியாகச் சொல்லலாம். சொல்லும்போது ஓத நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் போய் நின்றுகொண்டு 'எங்கேப்பா மணல்?' என்று போன் போடுவார்.