முதலாண்டுப் பொறியியல் மாணவருக்குச் சீனியர் பாடம் சொல்லித்தரும் முறை

மேலாண்டு மாணவர்களைக் கொண்டு முதலாண்டினருக்குப் பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்யும்போது, அரியர் வைத்தவர்களை மட்டும் தனியே அழைக்கக் கூடாது. அழைத்தால், அங்கே வந்து உட்காருவதே அவர்களுக்குக் கூச்சமாகிவிடும். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் 1973-இல் தொடங்கிய ‘சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ முறை, பலரும் தவறும் பாடத்தைத் தேர்ந்து, அதைப் படிக்கும் எல்லோரையும் வரச்சொன்னது. நம் கல்லூரிகளில் கணிதம், எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ், எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

ஒரு குழுவுக்கு நான்கைந்து பேர், வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரவில் விடுதி அறையில் கூடுவதைவிட, செமஸ்டரின் மூன்றாவது வாரத்திலேயே தொடங்குவது நல்லது. சொல்லித்தருபவர் அன்றைய கணக்குகளை முன்னதாகவே போட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பேனா கற்பவர் கையில் இருப்பது. வழவழப்பான சுவரில் சாய்ந்து, சொரசொரப்பான தரையில் நிற்கும் ஏணியை எடுத்துக்கொள்வோம். கற்பவர் ஃப்ரீ பாடி டயகிராமில் (ஒரு பொருளின் மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் படத்தில்) சுவரருகேயும் உராய்வு விசையைக் குறித்துவிட்டால், அதை உடனே அடித்துத் திருத்தாமல், “இந்த அம்புக்குறியை ஏணிக்குத் தருவது எது?” என்று ஒவ்வொரு அம்புக்குறிக்கும் கேட்டுவர வேண்டும், வழவழப்பான பரப்பு தனக்குச் செங்குத்தாக மட்டுமே தள்ளும் என்பதை அவர் வாயால் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். நன்றாகப் படிக்கும் சீனியருக்கு இந்தப் பொறுமைதான் எளிதில் வராது. அடுத்து, எந்தப் புள்ளியில் மொமென்ட் (விசையின் திருப்புத்திறன்) எடுப்பது என்பதையும் அவரிடமே விட்டுவிட வேண்டும். தரையைத் தொடும் முனையில் எடுத்தால் அங்குள்ள இரண்டு விசைகளும் சமன்பாட்டில் வாரா என்பதை அவரே கண்டுகொண்டால்தான், ஏணிக்குப் பதிலாக உத்தரம் வரும் கணக்கிலும் புள்ளியைத் தேர்ந்தெடுக்கத் தெரியும்.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு விளக்கத்தைத் தமிழிலேயே சொல்லி, விடையை மட்டும் தேர்வில் எழுத வேண்டிய ஆங்கிலத்தில் எழுதவைக்கலாம். அசைன்மென்ட் கணக்கைப் போட்டுத் தரக் கூடாது. அதே வகையில் எண்களை மாற்றி வேறொரு கணக்கைத் தரலாம்.

குழுவில் பலர் ஒரே இடத்தில் தடுமாறினால், யாருடைய பெயரையும் குறிப்பிடாமல், தடுமாறிய இடத்தை மட்டும் பாட ஆசிரியரிடம் தெரிவிப்பது நல்லது; வகுப்பில் அந்தப் பகுதியை அவர் மறுபடி நடத்த அது உதவும்.